வார்டிலிருந்து விடுதிக்குத் திரும்பிய பிறகு: குடிநோயிலிருந்து மீளும் ஒரு மாணவருடன் 16 மாதங்கள்

மேற்குத் தமிழகத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறேன். ஆறு ஆண்டுகளாக மாணவர் ஆலோசனைப் பிரிவையும் கவனித்துவருகிறேன். உளவியல் படித்தவள் அல்ல. சில நாள் பயிற்சியும், மாணவர்கள் வந்து பேசியதில் கற்றதும்தான் என் தகுதி. இதில் வரும் மாணவரின் அனுமதியோடு இதை எழுதுகிறேன். எழுதியதை அவரே படித்துப் பார்த்து இரண்டு இடங்களை எடுத்துவிடச் சொன்னார், எடுத்துவிட்டேன். அடையாளம் தெரியக்கூடிய சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன்.

போதையிலிருந்து மீளும் மாணவர்களுக்கு ஒரு கல்லூரி என்ன செய்யலாம் என்று பிற கல்லூரி ஆசிரியர்கள் அவ்வப்போது கேட்கிறார்கள். நாங்கள் செய்ததில் பாதி தவறு. அந்தப் பாதியையும் சேர்த்தே சொல்கிறேன்.

பின்னணி

அவர் மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு, வயது 20. தறி ஓட்டும் குடும்பம். அப்பாவுக்குக் குடிப்பழக்கம் உண்டு. பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண். முதலாண்டில் அவர் மேல் ஒரு புகாரும் இல்லை. இரண்டாம் ஆண்டில், ஜூனியர்களை வரவேற்கிற இரவில் முதல் தடவை குடித்திருக்கிறார். தமிழ்நாட்டில் 21 வயது நிறையாதவருக்கு மது விற்கக் கூடாது. ஆனால் விடுதியில் அந்த விதிக்கு வேலையே இல்லை, ஒரு சீனியர் வாங்கிவந்தால் போதும்.

சனிக்கிழமை மட்டும் என்று இருந்தது, புதனும் சனியும் ஆனது. பிறகு தினமும் ஒரு குவார்ட்டர். ஐந்தாவது செமஸ்டர் தொடங்கியபோது இரவுக்கு ஒரு ஹாஃப், காலையில் கை நடுக்கம் நிற்க ஒரு கட்டிங். இதெல்லாம் அவரே பின்னால் சொன்னது. அந்த நேரத்தில் எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் துண்டு துண்டாகத்தான்.

முதல் பீரியட் வருகை குறைந்ததை டியூட்டர் பார்த்திருந்தார். காலைச் சாப்பாட்டுக்கு வருவதில்லை என்பது மெஸ் மேலாளருக்குத் தெரியும். மெட்ராலஜி லேபில், நுண்ணிய அளவெடுக்கும் மைக்ரோமீட்டரை அவர் கையிலேயே எடுப்பதில்லை, ரீடிங் எல்லாம் பார்ட்னர்தான் எடுப்பார், இவர் எழுதிக்கொள்வார். லேப் ஆசிரியர் அதைச் சோம்பேறித்தனம் என்று நினைத்திருந்தார். அவருடைய ரெக்கார்டு நோட்டைப் பிறகு வாங்கிப் பார்த்தேன். ஜூன் மாத எழுத்து அச்சடித்ததுபோல் இருந்தது. ஆகஸ்டில் கோடுகள் நடுங்கி ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தன. ஆறு வாரப் பக்கங்களிலும் ஆசிரியரின் கையெழுத்து இருந்தது. யாரும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளவில்லை. நானும்தான்.

அந்தத் திங்கட்கிழமை

காலை பத்தேகால் மணி. லேபில் நின்றுகொண்டிருந்தவர் அப்படியே விழுந்தார். கைகால் வெட்டி இழுத்தது, வாயில் நுரை. யாரோ ஓடிப்போய் லேப் சாவிக்கொத்தைக் கொண்டுவந்து கையில் திணித்து விரல்களை இறுக்கி மூடினார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது வலிப்பு நின்றிருந்தது. சாவியின் பற்கள் அழுத்திய தடம் உள்ளங்கையில் சிவப்பாகப் பதிந்திருந்தது. இரும்பு கொடுத்தால் வலிப்பு நிற்கும் என்பது நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம், அதில் பலன் ஒன்றும் இல்லை. தலை மோதாமல் பார்த்து, ஒருபக்கமாகத் திருப்பிப் படுக்கவைத்து, வாயிலும் கையிலும் எதையும் திணிக்காமல் இருந்திருக்க வேண்டும்.

பக்கத்துத் தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். மூளை ஸ்கேனில் ஒன்றும் இல்லை. காக்காய் வலிப்பாக இருக்கலாம் என்று மாத்திரை எழுதினார்கள். சாயங்காலம் அவருக்கு வியர்த்துக் கொட்டியது, சுவரில் பூச்சி ஊர்வதாகச் சொல்லிக் கையால் தட்டிக்கொண்டே இருந்தார். இரவுப் பணிக்கு வந்த இளம் மருத்துவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, உடனிருந்த ரூம்மேட்டைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்: "கடைசியா எப்ப குடிச்சான்?"

ரூம்மேட் என்னைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். "சனிக்கிழமை நைட்டு, பதினொரு மணிக்கு" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா பார்க்க வருவதாக இருந்திருக்கிறது. வாசம் வந்துவிடக் கூடாதென்று சனி இரவோடு நிறுத்திவிட்டார். வலிப்பு வந்தது சுமார் 35 மணி நேரம் கழித்து. தினமும் அதிகம் குடிக்கிறவர் திடீரென நிறுத்தினால், மதுவால் அமுங்கியே பழகிய மூளை கட்டுக்கடங்காமல் கிளர்கிறது. வலிப்பு பெரும்பாலும் 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வரும். குழப்பம், இல்லாததைப் பார்ப்பது, கடும் நடுக்கம் எல்லாம் இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரை. மருத்துவ உதவி கிடைக்காவிட்டால் உயிர் போகவும் கூடும். "இன்னைக்கே நிறுத்திடு" என்று தினமும் குடிக்கிற மாணவரிடம் சொல்லும் ஆசிரியர்கள் இதை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். நானே முன்பு அப்படி இரண்டு பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

அன்றிரவே அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு மாற்றினார்கள். தயமின் (வைட்டமின் பி1) ஊசி போட்டு, நடுக்கம் தணிய மாத்திரை கொடுத்து நாளுக்கு நாள் குறைத்துக்கொண்டே வந்தார்கள். ஐந்தாம் நாள் தெளிவாகப் பேசினார். குடிப்பழக்கத்தின் தீவிரத்தை அளக்க, உலக சுகாதார நிறுவனத்தின் ஆடிட் என்ற பத்துக் கேள்விப் படிவத்தை மருத்துவர் கேட்டு நிரப்பினார். மொத்தம் 40. அதில் 20 அல்லது அதற்கு மேல் வந்தால் குடிச்சார்பு, அதாவது குடியை விட முடியாத நிலை, இருக்கக்கூடும் என்று பொருள். இவருக்கு 27.

ஒழுங்கு நடவடிக்கையா, சிகிச்சையா

எங்கள் விடுதி விதியில் விலக்குக்கு இடமே இல்லை. குடித்தது தெரிந்தால் விடுதியிலிருந்து நீக்கம், இரண்டாம் முறை கல்லூரியிலிருந்தே நீக்கம். மூன்றாம் நாள் கூட்டம் நடந்தது. வார்டன் பேசியதில் நியாயம் இருந்தது: "முந்நூறு பசங்க இருக்காங்க மேடம். ஒருத்தனை விட்டா மத்த பெத்தவங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

நான் சட்டத்தைச் சொன்னேன். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் மது, போதைப்பொருள் சார்ந்த மனநிலைப் பாதிப்புகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் வைக்கிறது. சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைத்துக்கொள்ளும் உரிமையும் நோயாளிக்கு உண்டு. 2019இல் வெளியான தேசியக் கணக்கெடுப்பையும் சொன்னேன். குடிச்சார்பு உள்ளவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவதொரு சிகிச்சை பெற்றிருந்தார். ஆனால் முதல்வரை அசைத்தது இவை அல்ல. அந்த ரூம்மேட் காலை பத்தேகாலிலிருந்து இரவு எட்டு மணிவரை வாயைத் திறக்காமல் இருந்தார். சொன்னால் தன் விடுதி இடமும் போய்விடும் என்ற பயம். நம் விதி ஒரு பையனின் சிகிச்சையைப் பத்து மணி நேரம் தள்ளிப்போட்டது என்று சொன்னேன். முதல்வர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "மருத்துவ விடுப்பு போடுங்க. ஒழுங்குக் குழுவுக்குப் போக வேண்டாம்" என்றார்.

தானாக வந்து சொல்பவருக்கும், மயங்கிக் கிடக்கும் நண்பனுக்காக வந்து சொல்பவருக்கும் தண்டனை இல்லை என்று அன்று வாய்மொழியாக முடிவானது. விற்பது, ஜூனியர்களை வற்புறுத்துவது ஆகியவற்றுக்குப் பழைய விதிதான்.

அம்மா கொண்டுவந்த பொட்டலம்

ஏழாம் நாள் வார்டு வராந்தாவில் அம்மா என்னிடம் ஒரு பொட்டலத்தைக் காட்டினார். பஸ் ஸ்டாண்டுச் சுவரில் 'அவருக்குத் தெரியாமல் குடியை நிறுத்தலாம்' என்று ஒட்டியிருந்த நோட்டீஸ் எண்ணுக்குப் பேசித் தபாலில் வாங்கியது. கணவருக்கு ரசத்தில் கலந்து கொடுத்து வந்திருக்கிறார். "அவருக்கு ரெண்டு தடவ மூச்சுத் திணறிப் போச்சுங்க மேடம். அப்பறம் பயந்து உட்டுட்டனுங்க. இவனுக்காவது குடுத்துப் பாக்கலாங்களா?"

பொட்டலத்தின்மேல் உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதியிருக்கவில்லை. மது உடம்புக்கு ஒவ்வாமல் போகச் செய்யும் டைசல்ஃபிராம் போன்ற மருந்து அதில் இருந்து, அது தெரியாமல் ஒருவர் குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகும். மருத்துவர்கள் அதை நோயாளிக்கு முழுக்க விளக்கி, சம்மதம் வாங்கி, குடும்பத்தின் மேற்பார்வையில்தான் கொடுப்பார்கள். இதை மருத்துவரே அம்மாவிடம் பொறுமையாகச் சொன்னார். அம்மா பொட்டலத்தை அவரிடமே கொடுத்துவிட்டு, "வேற என்னதானுங்க பண்றது நானு" என்று அழுதார். அப்பாவின் குடிக்காக அந்த அம்மாவிடம் இதுவரை யாரும் பேசியிருக்கவில்லை. மகனுக்கென்று வந்த இடத்தில்தான் அவருக்கும் ஒருவர் கிடைத்தார்.

முதல் முறை திரும்பியபோது

பன்னிரண்டாம் நாள் டிஸ்சார்ஜ். ஒரு வாரம் வீடு. பிறகு விடுதி.

வேறு அறை காலியில்லை, நண்பர்கள் கூட இருந்தால் நல்லதுதானே என்று வார்டன் சொன்னார். எனக்கும் அது சரியாகப் பட்டது. அதே அறைக்கு அனுப்பினோம். அதே கட்டில், அதே ஜன்னல், அதே சனிக்கிழமை. ரூம்மேட்கள் இருவரைத் தனியே கூப்பிட்டு, "ஏதாவது மாற்றம் தெரிந்தால் எனக்கு வாட்ஸப் பண்ணுங்க" என்றேன். அக்கறையில்தான் சொன்னேன். ஆனால் நான் செய்தது வேவு பார்க்கச் சொன்னதுதான்.

குடியிலிருந்து மீள்பவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடிப் பேசும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டம் நகரத்தில் வியாழக்கிழமைதோறும் நடக்கிறது, அதற்கும் அனுப்பினேன். இரண்டு வாரம் போனார். "எல்லாரும் எங்க அப்பா வயசு மேடம். வேலை போனது, பொண்டாட்டி பிரிஞ்சது பத்திப் பேசுறாங்க. எனக்குப் பேச என்ன இருக்கு?" என்று நிறுத்திவிட்டார். குறை அந்தக் கூட்டத்தில் இல்லை. 1935இல் அமெரிக்காவில் தொடங்கி உலகம் முழுக்கப் பரவி, எத்தனையோ பேரைக் காப்பாற்றிய முறை அது. அந்த அறையில் அவருக்குத் தன் முகம் தெரியவில்லை, அவ்வளவுதான்.

விடுதிக்குத் திரும்பிய 23ஆம் நாள், இன்டர்னல் மதிப்பெண் வந்த மாலை, மறுபடி குடித்தார். ரூம்மேட் எனக்கு அனுப்பிய செய்தியை அவர் அந்தப் போனிலேயே பார்த்துவிட்டார். மறுநாள் என் அறைக்கு வந்து நின்றார். உட்காரவில்லை. "என்னை நம்பலைன்னு சொல்லியிருக்கலாமே மேடம்" என்றார். அதற்குமேல் பேசாமல் போய்விட்டார். பிறகு ஒன்பது நாள் என் கண்ணிலேயே படவில்லை. அந்த ஒன்பது நாட்களை நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

இடையில் தேடிப் படித்தது

சிகிச்சை முடிந்த மாணவரைத் திரும்ப ஏற்றுக்கொள்வது எப்படி என்று அதன் பிறகுதான் படித்தேன். டிஸ்சார்ஜுக்கு முன்பே படித்திருக்க வேண்டும்.

அமெரிக்கக் கல்லூரிகளில் இதற்கென்றே மீட்புத் திட்டங்கள் இருக்கின்றன. பிரௌன் பல்கலைக்கழகத்தில் 1977இல் முதல் முயற்சி தொடங்கியது. ரட்கர்ஸ் 1983இல் தொடங்கி, 1988இல் மீண்டுவரும் மாணவர்களுக்கென்றே தனி விடுதி திறந்தது. டெக்சாஸ் டெக் 1986இலும், ஆக்ஸ்பர்க் 1997இலும் தொடங்கின. ஒவ்வொன்றும் ஒருவிதம். ஆனால் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே புரிதல் இருந்தது. குடிப்பதே இயல்பாக இருக்கும் இடத்துக்குத்தான் அந்த மாணவர் திரும்ப வருகிறார். எனவே அந்த இடத்துக்குள்ளேயே அவருக்குக் குடியில்லாத ஒரு கூட்டம், ஓர் அறை, ஒரு சனிக்கிழமை வேண்டும். படிப்பில் விட்டதைப் பிடிக்க வழியும் வேண்டும்.

இத்தகைய 29 திட்டங்களில் இருந்த 486 மாணவர்களிடம் அங்கே கணக்கெடுத்திருக்கிறார்கள். திட்டத்தில் சேர்ந்ததற்கு அவர்கள் சொன்ன முக்கியக் காரணங்களில் ஒன்று, தன் வயதில் மீண்டுவரும் துணை வேண்டும் என்பது. மூன்றில் ஒருவர், இந்தத் திட்டம் இல்லாவிட்டால் கல்லூரியிலேயே இருந்திருக்க மாட்டேன் என்று சொல்லியிருக்கிறார். படித்துக்கொண்டிருந்தபோது 'எல்லாரும் எங்க அப்பா வயசு' என்ற குரல் காதில் விழுந்தது. அங்கே 20 வயதுப் பையன்கள் தேடியதைத்தான் இவரும் கேட்டிருக்கிறார். நான்தான் அதைச் சாக்கு என்று எடுத்துக்கொண்டேன்.

இந்த ஆய்வுகளை அப்படியே நம்பிவிடவும் கூடாது. பெரும்பாலும் திட்டத்தில் இருப்பவர்களிடம் கேட்டு எழுதியவைதான். சேராதவர்களோடு ஒப்பிட்டவை குறைவு. உறுதியோடு இருப்பவர்கள்தான் முதலில் வந்து சேர்கிறார்கள் என்பதால் பலன் கூடுதலாகவும் தெரியலாம். எனக்கு அதிலிருந்து வேண்டியிருந்தது சான்று அல்ல, எதை யோசிக்க மறந்தேன் என்ற பட்டியல். அது கிடைத்தது.

இரண்டாவது ஏற்பாடு

பத்தாம் நாள் நானே அவருடைய கிளாஸ் வாசலுக்குப் போனேன். "தம்பி, ரூம்மேட்கிட்ட அப்படிக் கேட்டது என் தப்பு. இனிமே உன்னைப் பத்தி உன்கிட்டதான் கேப்பேன்" என்றேன். தலையை ஆட்டினார். அன்று மாலை வந்து உட்கார்ந்தார். இந்த முறை திட்டத்தை அவரையே எழுதச் சொன்னேன். ஒரு ஏ4 தாள். அவர் எழுதிய முதல் வரி: 'சனி 4 மணி முதல் 9 மணி வரை எங்கே இருப்பது'.

அறையை மாற்றினோம். வேறு பிளாக், பயிற்சிக்காக அதிகாலையில் எழும் இரண்டு விளையாட்டு வீரர்களோடு. காரணம் கேட்டால் சொல்ல, படிப்புக்காக என்ற பதிலையும் அவரே முடிவு செய்தார். மனநலப் பிரிவில் நால்ட்ரெக்சோன் தொடங்கினார்கள். குடிக்கும் உந்துதலைக் குறைக்கும் மாத்திரை அது. மாதம் ஒருமுறை மருத்துவரைப் பார்க்க வேண்டும், அன்றைக்கு ஓ.டி. (ஆன் டியூட்டி) அட்டெண்டன்ஸ் உண்டு, வகுப்புக்கு வந்ததாகவே கணக்கு. எங்களிடம் 75 சதவீத வருகை வேண்டும், மருத்துவக் காரணத்துக்கு 65 வரை தளர்வு கிடைக்கும். ஆனால் மனநலப் பிரிவின் சான்றிதழ் ஐந்து மேஜைகளைக் கடந்து போகும். எனவே நோயின் பெயரைக் குறிப்பிடாமல், உள்நோயாளியாகச் சிகிச்சை பெற்றார் என்று மட்டும் எழுதித் தரும்படி கேட்டோம், தந்தார்கள்.

தன் வயதுத் துணைக்கு என்ன செய்வது என்று தெரியாமல் அந்த வியாழக்கிழமைக் கூட்டத்துப் பெரியவரிடமே போய்க் கேட்டேன். அவர் யார் பெயரையும் சொல்லவில்லை. "ஒருத்தர்கிட்ட கேட்டுப் பாக்கறனுங்க" என்றார். நான்கு நாள் கழித்து ஒரு போன். எங்கள் கல்லூரியிலேயே படித்தவர், வயது 27, மூன்று ஆண்டாகக் குடிக்கவில்லை, சொந்தமாக ஒரு லேத் பட்டறை நடத்துகிறார். புதன்கிழமை வந்தார். எங்கள் மாணவர் எதிரே தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். வந்தவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "சி பிளாக், மாடிப்படிக்கு அடியில அந்த இரும்புக் கதவு இருக்கே, அதுக்குப் பின்னாடிதான் நாங்களும் பாட்டிலை வைப்போம். இன்னும் அந்தக் கதவு கிரீச்சுன்னு சத்தம் போடுதா?" என்று கேட்டார்.

எங்கள் மாணவர் நிமிர்ந்து பார்த்தார். "போடுதுண்ணா" என்றார். இரண்டு மாதத்தில் அவர் முகத்தில் நான் பார்த்த முதல் சிரிப்பு அது.

அதிலிருந்து புதன் மாலை ஏழு மணி எங்கள் நேரம் ஆனது. ஆலோசனைப் பிரிவின் அறை முதல்வர் அறைக்குப் பக்கத்தில் இருக்கிறது, அங்கே நுழைந்தால் எல்லோர் கண்ணிலும் படும். அதனால் இயற்பியல் ஆய்வகத்தின் இருட்டறையில் சந்தித்தோம். லேபுக்கு ஏன் போகிறாய் என்று யாரும் கேட்பதில்லை. முதல் அரை மணி நேரம் நான் இருப்பேன், பிறகு டீ பிளாஸ்க்கை வைத்துவிட்டு வெளியே வந்துவிடுவேன். உள்ளே பேசியதை நான் கேட்பதில்லை. சனிக்கிழமை மாலைகளில் அவர் பட்டறைக்குப் போய் வேலை கற்றுக்கொண்டார்.

தொடர்ந்து நடந்தது

நான்காம் மாதம், சித்தப்பா மகன் கல்யாணத்தில் குடித்துவிட்டார். இந்த முறை யாரும் எனக்குச் செய்தி அனுப்பவில்லை. மறுநாள் காலை ஆறரைக்கு அவரே போன் செய்தார். பட்டறை அண்ணனுக்கு முந்தைய இரவே சொல்லியிருந்தார். அன்றே மருத்துவரைப் பார்த்தோம். முதல் சறுக்கலில் ஒன்பது நாள் காணாமல்போனவர், இரண்டாவதில் ஓர் இரவுகூட அதை மறைத்து வைத்திருக்கவில்லை. குடிநோயில் சறுக்கல் வரத்தான் செய்யும் என்று மருத்துவர்கள் சொல்வார்கள். வந்த பிறகு யாரைத் தேடிப் போகிறார் என்பதைத்தான் நான் கவனிக்க ஆரம்பித்தேன்.

அதன்பின் இதை எழுதும்வரை குடிக்கவில்லை, 12 மாதம் ஆகிறது. மூன்று அரியரில் இரண்டை முடித்துவிட்டார். பெரிய நிறுவனங்கள் கேம்பஸுக்கு வந்த காலத்தில் அரியர் இருந்ததால் உட்கார முடியவில்லை. அந்த இழப்பு அவருக்கு இன்னும் வலிக்கிறது. அப்பா இன்னும் குடிக்கிறார். அம்மா மாதம் ஒருமுறை மருத்துவமனையில் குடும்பத்தினருக்கான கூட்டத்துக்குப் போகிறார்.

புதன்கிழமைச் சந்திப்பு மற்ற மாணவர்களும் வந்து சேர்ந்து ஒரு குழுவானது. அதில் அதிகபட்சமாக ஆறு பேர் இருந்தார்கள், இப்போது மூன்று பேர். ஒருவர் படிப்பை விட்டுவிட்டுப் போனார், தொடர்பில் இல்லை. கஞ்சா பழக்கத்துக்காக வந்த ஒருவர், பெயர் போலீசுக்குப் போய்விடும் என்று பயந்து மூன்றாவது வாரத்தோடு நின்றுவிட்டார். பயன்படுத்தியதற்காக வழக்கு வந்தாலும், தானாக முன்வந்து அங்கீகாரம் பெற்ற மருத்துவமனையில் சிகிச்சையை முழுமையாக எடுப்பவருக்கு 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு பாதுகாப்பு தருகிறது. அதை அவரிடம் முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். எனக்கே அப்போது தெரியாது. மாணவிகள் ஒருவர்கூட வரவில்லை. அவர்களில் யாருக்கும் தேவையில்லை என்று நான் நம்பவில்லை. மாலை ஏழு மணிக்கு ஓர் இருட்டறை என்ற ஏற்பாடே அவர்களுக்குக் கதவை மூடிவிட்டது.

மாற்றிச் செய்ய வேண்டியவை

வலிப்போ திடீர் குழப்பமோ வந்த மாணவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோகிறவர், கடைசியாக எப்போது குடித்தார் என்ற கேள்வியை நண்பர்களிடம் கேட்டு, அதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். இதை இப்போது விடுதிக் காவலர், மெஸ் ஊழியர் உட்பட எல்லோருக்கும் சொல்லித் தருகிறோம், சாவிக்கொத்து வேண்டாம் என்பதையும் சேர்த்து.

டிஸ்சார்ஜ் தேதி தெரிந்த அன்றே அறை, வருகை, சனிக்கிழமை, மருத்துவர் தேதி ஆகியவை தாளில் இருக்க வேண்டும், மாணவரின் கையெழுத்தில். வார்டில் அவர் இருந்த 12 நாளில் நாங்கள் பழம் வாங்கிக்கொண்டு இரண்டு தடவை போனோம். அந்த நேரத்தில் இதைச் செய்திருக்கலாம்.

தண்டனை இல்லை என்ற முடிவு இன்னும் வாய்மொழியாகத்தான் இருக்கிறது. முதல்வர் மாறினால் அது போய்விடும். விடுதிக் கையேட்டில் சேர்க்கச் சொல்லி இரண்டு முறை எழுதிக் கொடுத்திருக்கிறேன். மாணவிகளுக்காக, பெண்கள் விடுதிக்கு உள்ளேயே மதிய நேரத்தில் ஒரு சந்திப்பைத் தொடங்க, மீண்டுவந்த ஒரு பெண்ணைத் தேடிக்கொண்டிருக்கிறோம். இன்னும் கிடைக்கவில்லை.

போன புதன்கிழமை முதலாம் ஆண்டு மாணவர் ஒருவர் வாசலில் தயங்கி நின்றார். நான் எழுவதற்குள் உள்ளேயிருந்து நம் மாணவர் எழுந்துபோய், "வா தம்பி, டீ இருக்கு" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். நான் பிளாஸ்க்கை வைத்துவிட்டு வெளியே வந்தேன்.